எடை போட்ட பிறகு ஏறிய சுமை

கடைசியாக நீங்கள் கிளம்பிய பயணத்தில் உங்கள் பைக்குள் என்னென்ன இருந்தன என்று, கூட வந்தவரின் முகத்தைப் பார்த்து ஒன்றுவிடாமல் சொல்ல முடியுமா உங்களால்? அவசரப்பட்டுத் தலையாட்ட வேண்டாம். மேலப்பாளையம் முகம்மது இப்ராஹிமுக்கு நேர்ந்ததைக் கேட்டுவிட்டுப் பதில் சொல்லுங்கள்.

இப்ராஹிமுக்குத் திருநெல்வேலிச் சந்திப்பில் தபால் பைகளை ஊர்வாரியாகப் பிரித்துக் கட்டி ரயிலில் ஏற்றுகிற வேலை. மீசை அரும்பிய வயதில் தொடங்கி முப்பத்தெட்டு வயது வரை மூட்டை தூக்கியவருக்கு எதைக் கண்டாலும் முதலில் தோன்றுவது, ‘இது என்ன கனம் இருக்கும்?’ என்பதுதான். நிக்காஹ் நடந்த அன்றைக்குப் பெண்ணைப் பார்க்கும் முன்னால் சீர்ப்பெட்டியைத் தூக்கிப் பார்த்த மனுஷன் என்று அவர் மனைவி ஜமீலா பீவி ஊருக்கெல்லாம் சொல்லிவைத்திருந்தாள். தாய்மாமன் மகள் என்பதால் அவளுக்குக் கேலி பேசப் பிறவி உரிமை.

அவருக்கு இருந்த ஒரே பைத்தியம் நடை. பாபநாசத்தில் மலையிறங்கும் தாமிரபரணியோடு சேர்ந்து இறங்கி, அது புன்னக்காயலில் கடலுக்குள் போகிறவரை கரையோடே கால்நடையாகப் போக வேண்டும். அதுவும் சித்திரை, வைகாசிக் கத்திரி வெயிலில். வேறு மாதங்களில் கரையெல்லாம் சேறும் நடவுமாய்க் கிடக்கும். கோடையில்தான் ஆறு இளைத்து, மணல் வெளியே வந்து, நடக்கிறவனுக்கு வழிவிடும். பள்ளி, கல்லூரிகளுக்கு விடுமுறையும் அப்போதுதான்.

இந்தப் பைத்தியம் பிடித்த இன்னொருவர் சாய்கிருஷ்ணன். கல்லிடைக்குறிச்சி அக்கிரகாரத்தில் பிறந்தவர்; பாளையங்கோட்டைக் கல்லூரி ஒன்றில் இயற்பியல் ஆசிரியர். இருவரும் ஒரு படிப்பகத்தில் சந்தித்துப் பழகியவர்கள். ஒரு புத்தகத்துக்கு இருவரும் கை நீட்டி, அதன் தாளைக் கிழிக்காமல் மாற்றி மாற்றிப் படித்த நட்பு அது. சாய்கிருஷ்ணன் நன்றாகப் பேசுவார். சாதி என்பது மனிதன் தன் தலையில் தானே ஏற்றிக்கொண்ட பாறாங்கல் என்று அவர் மேடையில் சொன்னபோது இப்ராஹிம் கை வலிக்கத் தட்டினார். முக்கூடலில் பீடிக் கம்பெனியில் கணக்கு எழுதும் இசக்கிப்பாண்டி மூன்றாவது ஆள். மூன்று பேருமாகப் ‘பொருநை நடைக் குழு’ என்று பெயர் வைத்துக்கொண்டார்கள்.

குழு தொடங்கியது தொண்ணூற்று மூன்றில். மசூதி இடிக்கப்பட்ட தொண்ணூற்றிரண்டு டிசம்பருக்குப் பிறகு, பக்கத்து வீட்டுக்காரன் சிரித்தாலும் அது என்ன சிரிப்பு என்று யோசிக்க வேண்டிய காலம். இப்ராஹிமின் தெருவில் பெரியவர்கள் கேட்டார்கள், அவங்களோட காட்டுலயும் மேட்டுலயும் உனக்கென்ன நடை என்று. இப்ராஹிம் நெஞ்சை நிமிர்த்திச் சொன்னார், எங்க ஆளுக அப்படி இல்லை என்று. அந்த ஒரு வாக்கியத்தை அவர் எத்தனை பேரிடம் சொல்லியிருப்பார் என்பதற்குக் கணக்கில்லை. தெரு முழுவதும் சந்தேகப்பட்ட ஒன்றை அவர் ஒருவர் தம் பெயரைப் பணயம் வைத்து நம்பினார். அதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் வருட நடை சந்தி சிரித்தது. ஆளுக்கொரு வீட்டையே தூக்கிக்கொண்டு வந்திருந்தார்கள். சாய்கிருஷ்ணன் தலையணையும் கூஜாவும், இசக்கிப்பாண்டி நாலடுக்கு எவர்சில்வர் தூக்குமாக வந்தார்கள். இப்ராஹிமும் யோக்கியமில்லை, ஓட்டையான குடை ஒன்றை வழியெல்லாம் சுமந்தார். திருநெல்வேலி வருவதற்குள் தோள்பட்டை புண்ணாகி, குறுக்குத்துறையில் ஒரு முழுக்குப் போட்டுவிட்டு ஆளுக்கொரு பஸ்ஸில் ஏறிவிட்டார்கள்.

மறு வருடம் பைகளின் பொறுப்பை இப்ராஹிம் கேட்டு வாங்கிக்கொண்டார். அதன் பிறகு மேலப்பாளையம் வீட்டில் நிம்மதி இல்லை. பழைய குடைத் துணிகளை வாங்கி வந்து மனைவியின் தையல் மிஷின்மேல் குவித்தார். மடித்தால் கைக்குள் அடங்கும் முதுகுப்பைகள். பட்டைக்குக் கட்டில் நாடா. ஜமீலா தைத்துக்கொண்டே திட்டினாள்; திட்டிக்கொண்டே இரட்டைத் தையல் போட்டாள். அடுத்து ஒவ்வொரு பொருளையும் விசாரணைக்கு நிறுத்தினார். குளிக்கிற துண்டு, போர்வை, மாற்றுவேட்டி மூன்றும் தள்ளுபடி. மூட்டிய லுங்கியாக ஒரு சாரம் போதும். குளித்தால் அதுவே துண்டு, உள்ளே புகுந்து படுத்தால் அதுவே போர்வை. தட்டு வேண்டாம், கரையெல்லாம் வாழை. பல்பொடி வேண்டாம், வேம்பு இருக்கிறது. ஒரு சோப்பை நூலால் அறுத்து ஆளுக்கொரு துண்டு. சாப்பாட்டுக்கு அரிசி, அவல், புளிக்காய்ச்சல், உப்பு நார்த்தங்காய், கருப்பட்டி, சுக்கு. தொட்டுக்கொள்ள அப்பளம், கனமே இல்லாமல் வயிற்றையும் மனத்தையும் ஏமாற்ற அப்பளத்தைப்போல இன்னொன்று இல்லை.

தொழுகைப் பாயை அவர் பையிலிருந்து தானே எடுத்து வெளியே வைத்தார். வெயிலுக்கென்று தோளில் கிடக்கிற துண்டை விரித்துக்கொண்டால் போயிற்று. தொழுவது தேவையா இல்லையா என்பது வேறு வழக்கு. தன் சாமிக்கு உரியதையும் அவர் தராசில் வைத்தார் என்பதுதான் இங்கே செய்தி.

கடைசியாகப் பாத்திரம். முதல் வருடம் ஆளுக்கொரு பாத்திரம், ஆளுக்கொரு அடுப்பு. பைகளிலேயே கனமான பொருள் அதுதான். எல்லோருக்கும் ஒரே சட்டி போதும் என்று இப்ராஹிம் குழுக் கூட்டத்தில் சொன்னார். அது எடையைப் பற்றிய பேச்சு மட்டுமில்லை என்பது அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும். சாய்கிருஷ்ணன்தான் எழுந்தார்.

“ஒரே சட்டி. இதுதான் நம்ம குழுவோட சட்டம் வே. எடை குறையும், எடையோட சேர்ந்து இன்னும் சில கழிசடையும் குறையட்டும்.”

இப்ராஹிம் அன்றைக்கு வீடு வந்து சேரும்வரை கால் தரையில் பாவவில்லை. சாய்கிருஷ்ணன் சைவம் என்பதால் நடையில் கவிச்சி வாசமே கூடாது என்று தனக்குத்தானே விதித்துக்கொண்டார். திருநெல்வேலி டவுணுக்குப் போய் எலும்போ மீனோ கண்டறியாத புத்தம்புது அலுமினியச் சட்டி ஒன்றை வாங்கிவந்து வெயிலில் பிடித்து அழகு பார்த்தார். ஜமீலா மிஷினை நிறுத்தினாள்.

“நம்ம வீட்டுச் சட்டியில என்ன ஓட்டையா மச்சான்?”

“அவங்க சைவம்லா.”

“சரி. அப்ப அவங்க வீட்டுச் சட்டியைக் கொண்டாரச் சொல்லுதது. அதுல நீங்க தின்ன மாட்டேன்னா சொல்லப் போறிய?”

இப்ராஹிம் சட்டியைக் குடைத்துணியில் சுற்றித் தன் பைக்குள் வைத்தார்.

கிளம்புவதற்கு முந்தின நாள் கல்லிடைக்குறிச்சியில் கூடினார்கள். நான்காவது ஆளாக சாய்கிருஷ்ணனின் சித்தப்பா மகன் ஹரீஷ், மதராசிலிருந்து விடுமுறைக்கு வந்தவன், சேர்ந்துகொண்டான். தெரிந்த அப்பளக் கடைக்காரர் உளுந்து நிறுக்கும் தராசைக் கொடுத்தார். பையை ஒவ்வொன்றாக மாட்டி எடை போட்டார்கள். ஹரீஷின் பையிலிருந்து பாட்டுப் பெட்டியும் பேட்டரியும் வெளியே வந்தன; அவன் முகம் தொங்கிப்போனது. “பாட்டுதானே வேணும், இசக்கிப்பாண்டி அண்ணாச்சி படிப்பாரு, கனமே கிடையாது” என்றார் இப்ராஹிம். சாய்கிருஷ்ணனின் பைதான் எல்லாவற்றிலும் லேசு. தராசு முள் அசைந்ததே சந்தேகம். இப்ராஹிம் அவரைக் கட்டிக்கொண்டார். லேசான பை என்பதால் நொறுங்கக்கூடிய அப்பளக் கட்டு முழுவதும் பொதுச் சுமையாக அதற்குள் போனது.

அன்று படுக்கைக்கு சாய்கிருஷ்ணனும் ஹரீஷும் தங்கள் பைகளோடு அக்கிரகாரத்து வீட்டுக்குப் போனார்கள். இப்ராஹிமுக்கும் இசக்கிப்பாண்டிக்கும் அப்பளக் கடைக்காரரின் சரக்கறை. விடியக்காலை பஸ்ஸைப் பிடிக்க அதுதான் பக்கம் என்று சாய்கிருஷ்ணன் சொன்னார். பக்கம்தான். இப்ராஹிம் அதற்கு மேல் யோசிக்கவில்லை.

பாபநாசத்தில் நடை தொடங்கியது. பை முதுகில் இருப்பதே தெரியவில்லை. மருத மர நிழலுக்கும் மணல் சூட்டுக்குமாக மாறி மாறி நடந்தார்கள். இடுப்பளவுத் தண்ணீரில் பையைத் தலையில் வைத்துக்கொண்டு கடந்தார்கள். ஆனால் சட்டியில் சோறு வெந்து இலை போட்டதும் சாய்கிருஷ்ணனுக்கு வயிறு சரியில்லாமல் போய்விட்டது. வாழைப்பழம் இரண்டைத் தின்றுவிட்டுப் படுத்தார். அடுத்த வேளையும் அப்படியே. ஹரீஷுக்கும் பசியில்லை. நீங்க முன்னால போங்க, நாங்க பையப் பைய வாரோம் என்று அவர்கள் பின்தங்கினார்கள்; வெகுநேரம் கழித்து வந்து சேர்ந்தார்கள்.

இப்ராஹிமுக்குக் கவலை பிடித்துக்கொண்டது. இந்த வெயிலில் சாப்பிடாமல் நடந்தால் ஆள் விழுந்துவிடுவார். சுக்கைத் தட்டிக் கருப்பட்டி போட்டுக் கஷாயம் வைத்தார், அதே சட்டியில்தான். சாய்கிருஷ்ணன் வாங்கிக் கையில் வைத்திருந்தார். இப்ராஹிம் திரும்பிய நேரத்தில் அந்தக் கஷாயம் மணலுக்குப் போனது அவருக்குத் தெரியாது. இசக்கிப்பாண்டி பார்த்தார், பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

முக்கூடலைத் தாண்டியதும் இப்ராஹிம் ஒரு மருத மரத்தடியில் நின்றுவிட்டார். பின்தங்கியவர்கள் வந்ததும் சாய்கிருஷ்ணனின் பைப் பட்டையைப் பிடித்தார்.

“கொண்டாரும் வே. நான் தூக்குதேன். என் பை ஒண்ணுமில்ல, அதை நீரு போட்டுக்கிடும்.”

சாய்கிருஷ்ணன் விடவில்லை. வேண்டாம், வேண்டாம் என்று இரண்டு கையாலும் இறுக்கிக்கொண்டார். ஹரீஷ் குறுக்கே வந்து நான் தூக்குகிறேன் என்றான். இப்ராஹிம் சிரித்துக்கொண்டே இழுத்தார். உபசாரம் என்று நினைத்தார், பாவம். உமக்கு ஒண்ணுன்னா உம்ம அம்மாவுக்கு யாரு பதில் சொல்ல என்று கேட்டபோது சாய்கிருஷ்ணனின் பிடி தானாகத் தளர்ந்தது.

பை தோளில் ஏறிய கணமே தெரிந்துவிட்டது. இது தராசில் தொங்கிய பை அல்ல. முதுகுத்தண்டில் ஏதோ உருண்டையாக, கெட்டியாக அழுத்தியது. இப்ராஹிம் மனத்துக்குள் சிரித்தார். புத்தகக் கிறுக்கு, எடை போட்ட பிறகு வீட்டில் வைத்துப் புத்தகங்களைத் திணித்திருக்கிறார். இல்லையென்றால் வயிற்று வலிக்கு மருந்துச் சீசா. அடுத்த நிறுத்தத்தில் நல்ல கேலி இருக்கிறது என்று வழி நெடுக அதற்கு வார்த்தை சேர்த்துக்கொண்டே நடந்தார். மத்தியான வெயில் மண்டையைப் பிளந்தது. தோள் எரிந்தது. நண்பனின் பாரம் என்பதால் அந்த எரிச்சல்கூட அவருக்கு ஒரு மாதிரி இனித்தது.

சேரன்மாதேவிக்கு இப்பால் கரையில் நிழல் கண்ட இடத்தில் தங்கினார்கள். சாய்கிருஷ்ணனும் ஹரீஷும் கால் நனைக்க ஆற்றுக்குள் இறங்கினார்கள். இசக்கிப்பாண்டி சுள்ளி பொறுக்கி அடுப்பு மூட்டினார். உலை கொதித்தது. அப்பளம் சுடலாம் என்று இப்ராஹிம் பையைத் திறந்தார். பொதுச் சுமையல்லவா, யாரையும் கேட்க வேண்டியதில்லை. கையில் வேட்டிச் சுருள் ஒன்று தட்டுப்பட்டது. அப்பளக் கட்டு அதற்கு அடியில் நசுங்கிக் கிடந்தது. சுருளைத் தூக்கினார். அது பிரிந்தது.

சின்ன வெண்கலப்பானை. சத்தம் வரக் கூடாது என்று உள்ளே துணி அடைத்திருந்தது. துணிக்குள் ஒரு பொட்டலம் அரிசி, ஒரு பொட்டலம் பருப்பு. பானையின் அடியில் புதுக்கரி. விளிம்பில் காயாத சோற்றுப் பருக்கை ஒன்று.

இப்ராஹிம் அதை மணலில் வைத்தார். இசக்கிப்பாண்டி நிமிர்ந்து பார்த்தார். திடுக்கிடவில்லை. மறுபடி குனிந்து அடுப்பை ஊதினார். அந்த ஊதலில் இப்ராஹிமுக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

“உமக்குத் தெரியுமா வே?”

“தெரியும் அண்ணாச்சி. ரெண்டாம் வேளையே பின்னால பொகையைப் பாத்தேன். சொன்னா நடை கெட்டுப்போகும்னுதான்...”

“நடை கெடல” என்றார் இப்ராஹிம். “நாந்தான் கெட்டேன்.”

சாய்கிருஷ்ணன் ஈரக் காலோடு வந்தார். மணலில் பானையைக் கண்டதும் நின்றார். பிறகு பேச ஆரம்பித்தார். அவருக்குத்தான் பேச வருமே. தனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது என்றார். பழக்கம் என்றார், வயிறு ஒத்துக்கொள்ள வேண்டுமல்லவா என்றார்.

“அம்மா சத்தியம் வாங்கிண்டுட்டா வே. பெத்தவ மனசு நோகப்படாதேன்னு பாத்தேன். உம்ம மேல எனக்கு என்ன இருக்கு? சொல்லும்.”

அம்மாவாம். மேடையில் பாறாங்கல் என்று முழங்கிய வாய், பிடிபட்டதும் முந்தானைக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டது. எழுதப்படிக்கக் கற்றுக்கொடுக்கப்படாத ஒரு கிழவியின் தலையில் பழியைப் போட்டுவிட்டு நிற்கிற இந்த ஆண்பிள்ளைதான் கல்லூரியில் புவியீர்ப்பைக் கற்பிக்கிறார்.

இப்ராஹிம் பட்டை பதிந்து சிவந்த தோளைத் தடவிக்கொண்டார்.

“இதைச் சுமக்க என் முதுகு ஆகுது. என்கூடச் சோறு திங்க மட்டும் ஆகாதா வே?”

உலை பொங்கி வடிந்தது. இப்ராஹிம் ஓர் இலையை விரித்தார். நான்கு பேருக்கான சோற்றிலிருந்து தன் பங்கை மட்டும் போட்டுக்கொண்டு, எல்லோர் முன்பாகவும் உட்கார்ந்து, அவசரமில்லாமல் கடைசிப் பருக்கை வரை தின்றார். மீதிச் சோற்றை ஒரு பெரிய இலையில் கவிழ்த்து இசக்கிப்பாண்டியின் முன்னால் நகர்த்தினார். சட்டியை மணல் போட்டுத் தேய்த்துக் கழுவித் தன் பைக்குள் வைத்துக்கொண்டு நடந்தார். யாரும் கூப்பிடவில்லை. கூப்பிட்டிருந்தால் நின்றிருப்பார் என்பதுதான் இதில் தாங்க முடியாத சங்கதி.

சேரன்மாதேவி என்றால் சும்மாவா? அதற்கு எழுபது வருடத்துக்கு முன்னால் அதே ஊரில், தேசத்துக்குத் தொண்டர்களை வளர்க்கிறோம் என்று பொதுப்பணத்தில் நடந்த பள்ளியில், பிராமணப் பிள்ளைகள் சிலருக்கு மட்டும் தனிப்பந்தி போட்டார்கள். தமிழ்நாடே கொதித்தது. அந்தத் தனிப்பந்தி ஒழிந்துவிட்டதாகப் புத்தகங்களில் படிக்கிறோம். ஒழியவில்லை. வேட்டியில் சுற்றி, சத்தம் வராமல் துணி அடைத்துக்கொண்டு பைக்குள் இருக்கிறது. அன்றைக்குச் செய்தவர்களாவது எல்லோரும் பார்க்க இலையைப் பிரித்துப் போட்டார்கள்.

மேலப்பாளையம் வந்து சேர்ந்தபோது ஜமீலா அவர் முகத்தைப் பார்த்தாள், தோளைப் பார்த்தாள். நான்தான் சொன்னேனே என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை; அதற்காகவே அவளுக்கு ஆயுசுக்கும் கடன்பட்டிருப்பதாக இப்ராஹிம் பின்னாளில் சொல்லியிருக்கிறார். பையிலிருந்து சட்டியை எடுத்துக் கொல்லைக்குக் கொண்டுபோனாள். மறுநாள் உவரியிலிருந்து கருவாடு விற்க வருகிறவளைக் கூப்பிட்டு நிறுத்தினாள். அந்தப் புதுச் சட்டியில் சாளைக் கருவாட்டுக் குழம்பு கொதித்து, வாசம் தெருக்கோடி வரை போனது. இப்ராஹிம் இரண்டு தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டார். சாப்பிடும்போதே கண்ணில் தண்ணீர் வந்தது. காரம் ஜாஸ்தி என்றார். ஜமீலா, ஆமா, கொஞ்சம் கூடிப்போச்சு என்றாள்.

தெருவில் பெரியவர்கள், ஏன் பாதியில் வந்துட்டே என்று விசாரித்தார்கள். காலில் கொப்புளம் என்றார். எங்க ஆளுக அப்படி இல்லை என்று சொன்ன நாக்கால் வேறென்ன சொல்வார்? ஏமாற்றியவன் கூச்சப்படவில்லை. ஏமாந்தவர்தான் கூச்சப்பட்டு மறைத்துக்கொண்டு திரிந்தார். அநியாயத்தின் கணக்கு எப்போதும் இப்படித்தான் தலைகீழாக எழுதப்படுகிறது.

மற்ற மூவரும் அந்த வருடம் கடலைப் பார்த்தார்கள். ஜமீலாவின் இரட்டைத் தையல் அவர்களைப் புன்னக்காயல் வரை கொண்டுபோய்ச் சேர்த்தது. ஆடி மாதம் படிப்பகத்தில் பாராட்டுக் கூட்டம். இப்ராஹிம் கடைசி வரிசையில் போய் உட்கார்ந்தார். சாய்கிருஷ்ணன் பேசினார். ஒரே சட்டியில் உலை வைத்து, சாதி மதம் பாராமல் உண்டு நடந்த நடை என்றார். மேலப்பாளையத்து நண்பர் உடல்நலக் குறைவால் இடையில் பிரிய நேர்ந்தது என்று வருத்தமும் தெரிவித்தார். கூட்டம் கை தட்டியது. தட்டியவர்களில் இசக்கிப்பாண்டியும் உண்டு.

இப்ராஹிம் எழுந்து நின்றார்.

“அந்தச் சட்டி எங்க இருக்குன்னு சொல்லும் வே.”

தலைகள் திரும்பின. தலைமை வகித்தவர் கடிகாரத்தைப் பார்த்தார். கேள்விகளைப் பொறவு பேசிக்கலாம் அண்ணாச்சி, நேரமாயிட்டு என்றார். நன்றியுரை சொல்ல ஒருவர் ஓடிவந்தார். சாய்கிருஷ்ணன் மேசையிலிருந்த தண்ணீரைக் குடித்தார். கேள்வி அந்தக் கூடத்தில் அப்படியே விடப்பட்டது. ‘பொறவு’ இன்றுவரை வரவில்லை.

இப்ராஹிம் நடையை விடவில்லை. மறு வருடக் கோடையில் தன்னந்தனியாகப் பாபநாசத்தில் தொடங்கிக் கடல் வரை போனார். கருவாட்டு வாசம் ஏறிய அதே சட்டி, ஒரு சாரம், தோளில் துண்டு. அதன் பிறகு ஒவ்வொரு வருடமும் போகிறார். புதிதாக நடக்க வருகிற வாலிபர்கள் பை கட்டச் சொல்லிக் கேட்டால் கட்டிக் கொடுக்கிறார். கூட வாருங்கள் என்றால் மட்டும் தலையசைத்துவிடுகிறார். இத்தனை லேசாகக் கட்டத் தெரிந்தவரின் முதுகில் அந்த வெண்கலப்பானை மட்டும் இன்னும் இறங்கவில்லை.

இப்போது உங்களிடம் வருகிறோம். உங்கள் வீட்டில் வேலைக்கு வருகிறவருக்கென்று ஒதுக்கி வைத்த தம்ளர், சிநேகிதனுக்குத் தெரியாமல் கீழே ஊற்றிவிட்ட காப்பி, ‘வயிறு சரியில்லை’ என்று சொல்லித் தப்பித்த கல்யாண விருந்து, இவையெல்லாம் எந்தத் தராசிலும் ஏறாதவை. ஆனால் அவற்றை வேறு யாரோ சுமக்கிறார்கள். இந்தக் கோடையில் எங்கேயாவது கிளம்புவீர்கள். பையைக் கட்டுவதற்கு முன்னால் அதைத் தரையில் கவிழ்த்துக் கொட்டுங்கள். உள்ளே இரண்டாவது பானை இருந்தால், உங்களோடு வரப்போகிறவர் உங்கள் பையைத் தூக்க முன்வரும் முன்பே, அதை வெளியே எடுத்து வையுங்கள். பிறகு அவர் வீட்டுக்குப் போய், அவர் சட்டியில் வெந்த சோற்றை ஒரு வாய் கேட்டு வாங்கிச் சாப்பிடுங்கள்.